எந்த அழகர்சாமி? ஒரே பெயரில் நால்வர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போனார். கணக்கில் பணம் இருந்தது. எடுக்க முடியவில்லை. ஜெனரேட்டர் வாங்கிய கடனில் தவணை நிலுவை இருப்பதால் தொகையை நிறுத்தி வைத்திருப்பதாகச் சாளரத்தில் இருந்த பெண் சொன்னார். ஆசிரியர் தம் வாழ்நாளில் வாங்கிய மின்சாதனங்களில் மிகப் பெரியது ஒரு மாவு அரைக்கும் இயந்திரம். ஜெனரேட்டரை அவர் கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

அவர் நேராக என்னிடம் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆவண எழுத்தராக இருந்தவன் நான். இப்போது தொழிலை விட்டுவிட்டாலும், மனு எழுத வருகிறவர்களை விரட்டுவதில்லை. ஆசிரியர் உட்காருவதற்கு முன்பே எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஜெனரேட்டர் என்றால் ஊரில் ஒருவர்தான்: ரேடியோ செட்டுக்காரர். அவருடைய பெயரும் இவருடைய பெயரும் ஒன்று.

அந்தப் பெயரை அழகர்சாமி என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பெயரும் அதே மலையைச் சேர்ந்ததுதான். அழகர்மலைக்கும் மேலூருக்கும் நடுவே உள்ள எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீடு தவறாமல் ஓர் அழகரோ, கருப்பனோ, ராக்காயியோ இருப்பார்கள். மதுரைக்குள் போனால் மீனாட்சிகளும் சொக்கலிங்கங்களும். மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போனால் ஒச்சாண்டம்மனும் விருமாண்டியும் பிள்ளைகளுக்குப் பெயராகியிருப்பார்கள். பெயரைக் கேட்டே எந்தச் சாமிக்கு முடி இறக்கிய பிள்ளை என்று சொல்லிவிடலாம். எந்த ஆள் என்று மட்டும் சொல்ல முடியாது.

நால்வர்

எங்கள் ஊரில் ‘எம். அழகர்சாமி’ நான்கு பேர். அவர்களில் மூவர் ஒரே பாட்டனின் பேரன்கள். பாட்டன் பெயர் அழகர்சாமி. அவருக்கு மூன்று மகன்கள். மூவரும் ஆளுக்கு ஒரு பையனுக்குத் தகப்பனார் பெயரை வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. பாட்டன் பெயரைச் சுமக்கிறவன்தான் பேரன். சொத்தில் பங்கு பிரித்துக்கொண்டவர்கள் பெயரைப் பிரித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள் இதனால் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. பாட்டி தன் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார். மருமகள்களும் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பேரனைக் கூப்பிட வேண்டுமானால் வேறு பெயர்தான் வேண்டும். ஆகவே பெரியசாமி, நடுச்சாமி, சின்னச்சாமி என்று ஆகிவிட்டது. வளர்ந்து ஆளுக்கு ஒரு வேலைக்குப் போன பிறகு ஊரும் தன் பங்குக்குப் பெயர் வைத்தது. மூத்தவர் வாத்தியார். நடுவானவர் ரேடியோ செட்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டித் தொடங்கி, பிறகு பந்தல், சீரியல் விளக்கு, ஜெனரேட்டர் என்று வளர்ந்தவர். இளையவர் மிலிட்டரி. படையில் இருந்தபோது தன் பிரிவில் ஒரே பெயர்க்காரர்கள் பலர் இருந்ததால், படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பார். இன்றைக்கும் கைபேசிக் கடையில் பெயர் கேட்டால் பெயரோடு எண்ணையும் சேர்த்துச் சொல்கிற பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை.

நான்காமவர் கோடாங்கி. இவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால், ஊருக்கு அவர் எப்போதும் தாய் பெயரைச் சொல்லி ‘இன்னார் மகன்’தான். உடுக்கையைக் கையில் எடுத்துக் குறி சொல்லத் தொடங்கிய பிறகு கோடாங்கி ஆனார்.

வாத்தியாரின் தகப்பனாருக்கும் செட்டுக்காரரின் தகப்பனாருக்கும் முதலெழுத்து ‘மு’. மிலிட்டரிக்கு ‘மா’. கோடாங்கிக்கு ‘மூ’. தமிழில் எழுதினால் நால்வரில் இருவரையாவது தலைப்பெழுத்தே பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எழுதியதும் மு, மா, மூ எல்லாம் ஒரே ‘எம்’முக்குள் அடங்கிவிடுகின்றன. சகர வரிசைக்கும் பகர வரிசைக்கும் இதே கதிதான். தமிழ்த் தலைப்பெழுத்து வேண்டும் என்று சொல்லும்போது பலரும் அதை மொழிப்பற்று என்று மட்டும் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் அது வேலி.

முடிச்சு விழுந்த விதம்

செட்டுக்காரர் 2015இல் ஜெனரேட்டருக்காகக் கடன் வாங்கினார். தவணை ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் வருமானம் பங்குனியில் தொடங்கி ஆடி வரைதான். அதிலும் சித்திரைதான் சோறு போடும் மாதம். அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்குப் போய்த் திரும்பும் வரை வழிநெடுக மண்டகப்படி, மண்டகப்படிதோறும் விளக்கும் குழாயும் தேவை. 2020இல் கொரோனா வந்து சித்திரைத் திருவிழா நின்றது. 2021இலும் மக்கள் கூடவில்லை. இரண்டு சித்திரைகள் போனால் செட்டுக்காரரிடம் என்ன இருக்கும்? 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வங்கிகள் கொடுத்த தவணை விடுப்பு முடிந்தபோது, கட்ட அவரிடம் காசில்லை. ஜெனரேட்டர் மேல் கோழி அடைந்தது.

வங்கி பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியது. முகவரியில் பெயரும் ஊரும் தெருவும் இருந்தன. கதவு எண் இல்லை. பழைய தபால்காரராக இருந்திருந்தால் உறையைப் பார்த்ததும் ‘இது செட்டுக்கு’ என்று சொல்லியிருப்பார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் அந்தத் தெருவில் முதலில் கேட்ட வீட்டில் அழகர்சாமி என்று ஒருவர் இருக்கவே, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். அந்த வீடு கோடாங்கி வீடு. ஆங்கிலக் கடிதம் என்றால் கோர்ட்டுக் கடிதம் என்பது அவர் முடிவு. அதை உடுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்து மிலிட்டரியிடம் காட்டினார். மிலிட்டரி வாசித்துப் பார்த்து, ‘இது எனக்கு வந்ததில்லை’ என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது உண்மைதான். யாருக்கு வந்தது என்று மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. கடிதம் திரும்ப உடுக்கைக்கு அடியில் போயிற்று. வங்கியின் கோப்பிலோ, அறிவிப்பு உரியவரைச் சேர்ந்தது என்று கையெழுத்தோடு சான்று இருக்கிறது.

அடுத்தது கணினி. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வாடிக்கையாளர் எண்கள் இருந்தால் அவற்றை ஒன்றாக்குவது வங்கிகள் எல்லாம் செய்கிற வேலை. செய்ய வேண்டிய வேலையும்கூட. செட்டுக்காரரின் பழைய கடன் கணக்கில் ஆதார் எண் ஏற்றப்படவில்லை. பெயர், தலைப்பெழுத்து, ஊர், பிறந்த தேதி ஆகிய நான்கும் வாத்தியாரின் ஓய்வூதியக் கணக்கோடு அச்சாகப் பொருந்தின. ஒன்றாக்கிவிட்டார்கள்.

பிறந்த தேதி எப்படிப் பொருந்தியது? நானும் முதலில் இந்த இடத்தில்தான் தடுமாறினேன். பெயர் ஒன்றாகலாம், தேதியுமா?

வாத்தியார்தான் விளக்கினார், அவர் பின்னாளில் தாமே சேர்க்கைப் பதிவேடு எழுதியவர். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் பிறப்புச் சான்று என்று ஒன்று கிடையாது. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டி வருவார்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. ஜூனில் பள்ளி திறக்கும். ஐந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதால் தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து மேயிலோ ஜூனிலோ ஒரு தேதியைப் போடுவார். அந்த வயதுக்காரர்களில் இத்தனை பேருக்கு ஜூன் பிறந்தநாள் வருவதன் ரகசியம் இதுதான். பாட்டி இரண்டு பேரன்களையும் ஆளுக்கு ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் பள்ளிக்குக் கூட்டிப்போனாராம். இருவருக்கும் ஒரே தேதி விழுந்தது. உண்மையில் வாத்தியார் ஓர் ஐப்பசி அடைமழையில் பிறந்தவர். செட்டுக்காரர் அதற்கு நான்கு மாதம் இளையவர். தலைமையாசிரியரின் பேனா அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஓய்வூதியத்தை முடக்கும் என்று அவர் எப்படிக் கண்டார்!

நான் செய்த தவறு

வங்கியை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் மனுவுக்காகச் செட்டுக்காரரின் அடமானப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தபோது கையெழுத்து தெரிந்ததாக இருந்தது. எழுதியவன் நானே.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தன் இரண்டாம் பிரிவை ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்தச் சொல் ‘அடிஷன்’. ஓர் ஆளின் பெயரோடு சேர்த்து எழுத வேண்டியவை அவை: குடியிருக்கும் இடம், செய்யும் தொழில், தகுதியும் பட்டமும் இருந்தால் அவை, தகப்பன் பெயர். வழக்கத்தில் தாயின் மகன் என்று குறிக்கப்படுகிறவர் என்றால் தாய் பெயர். எங்கள் கோடாங்கியைப் போன்றவர்களையும் அந்தச் சட்டம் மறக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் பெயர் அட்டவணை எழுதும்போதும் வெறும் பெயரை எழுதினால் போதாது. இந்த அடைமொழிகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. பெயர் மட்டும் ஆளைக் காட்டாது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது ‘விவசாயம்’. ஒலிபெருக்கியும் பந்தலும் வைத்துப் பிழைக்கிறவருக்கு விவசாயம்! பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். வாத்தியார் வீட்டுமனை வாங்கிய கிரயத்திலும் விவசாயம். மிலிட்டரியின் பாகப்பிரிவினையிலும் விவசாயம். கிராமத்து ஆள் என்றால் கை தானாக அதை எழுதும். பெரியாற்றுக் கால்வாயில் ஒருபோகத்துக்கு மட்டும் தண்ணீர் வருகிற எங்கள் பக்கத்தில் விவசாயத்தை மட்டும் நம்பி யார் இருக்கிறார்கள்? இருந்தும் எழுதினேன், நூற்றுக்கணக்கில். அந்த ஒரு சொல்லைச் சரியாக எழுதியிருந்தால், கணக்குகளை ஒன்றாக்கும்போது யாராவது ஒரு குமாஸ்தாவாவது நின்று பார்த்திருப்பார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நின்றிருக்கமாட்டார் என்றும் சொல்லலாம். ஆனால் நிற்பதற்கு ஒரு கல்லை நான் போட்டு வைத்திருக்க வேண்டும்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம், மதுரைக்காரனாக. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இது இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த வித்தை. கிடாரிப்பட்டிக்கு மேலே அழகர்மலைக் குகையில் சமண முனிவர்களுக்குக் கொடை கொடுத்தவர்கள் தமிழ் பிராமியில் தங்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். வெறும் பெயரோடு அவர்கள் விடவில்லை. மதுரைப் பொன்கொல்லன், உப்பு வணிகன், கொழு (ஏர்முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன் என்று தொழிலைச் சொல்லித்தான் பெயரைச் சொல்கிறார்கள். பொன்கொல்லன் பெயர் ஆதன். கீழடிப் பானை ஓடுகளிலும் ஆதன் என்ற பெயர் கிடைத்திருக்கிறது. அந்த ஆதன் நெய்தானா, உழுதானா, ஓடு சொல்லாது. மலையில் வெட்டியவன் சொல்லிவிட்டான்.

சங்கப் புலவர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார், மதுரை மருதன் இளநாகனார். நக்கீரருக்கோ ‘மதுரைக் கணக்காயனார் மகனார்’ என்று தகப்பன் தொழிலே தலைப்பெழுத்து; கணக்காயர் என்றால் ஆசிரியர். சாத்தனார் என்று எத்தனையோ பேர்: பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், சீத்தலைச் சாத்தனார். கடைசி இருவரும் ஒரே ஆளா, வேறு வேறா என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இருக்கிறது. ‘இருவரும் ஒருவரே’ என்று அன்றைக்கே யாராவது ஒரு சான்று வாங்கி வைத்திருக்கலாம்.

பிற்காலத்திலும் இந்த வித்தை மறையவில்லை. வைத்தியநாதன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை வைத்தியநாத ஐயர் என்றால் 1939 ஜூலை 8 அன்று தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன வழக்கறிஞர். செம்பை என்றால் பாட்டு. குன்னக்குடி என்றால் வயலின். வேங்கடசாமி என்றால் தமிழறிஞர்களில் நாட்டார் ஒருவர், மயிலை சீனி ஒருவர். மதுரையில் 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவரும் வெங்கடசாமிதான். உலகம் அவரை ‘டாக்டர் வி’ என்று சுருக்கிக்கொண்டது. மதுரைச் சௌராஷ்டிரர்கள் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துப் போடுவார்கள். டி. எம். சௌந்தரராஜனில் ‘டி’ தொகுளுவா என்ற குடும்பம், ‘எம்’ மீனாட்சி ஐயங்கார் என்ற தகப்பனார். இரட்டைப் பூட்டு. எங்கள் நால்வருக்கும் ஒற்றைப் பூட்டு, அதற்கும் ஒரே சாவி.

முடிச்சை அவிழ்த்தது

முதல் மனுவை வங்கிக் கிளைக்குக் கொடுத்தோம். மேலாளர் நல்ல மனிதர். ஆனால் அவர் திரையை நம்புகிறவர். ‘பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதே சார்’ என்றார். வாத்தியாரும் செட்டுக்காரரும் அவர் எதிரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆள் இருக்கிறோமே என்று செட்டுக்காரர் ஒலிபெருக்கி வைக்காமலே ஒலிபெருக்கிக் குரலில் கேட்டார்.

நேரில் இருப்பது சான்று அல்ல, தாள் வேண்டும். இருவரின் ஆதார் நகல், வாத்தியாரின் ஓய்வூதிய ஆணை, கணக்குத் தொடங்கிய அசல் படிவங்களில் இருந்த புகைப்படமும் கையெழுத்தும். எல்லாவற்றையும்விட உதவியது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல். குழப்பத்தை உண்டாக்கிய அதே பக்கம்தான் அதைத் தீர்த்தது: ஒரே நாள், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஆனால் அடுத்தடுத்த இரண்டு வரிசை எண்கள், இரண்டு தகப்பன்மார், முழுப் பெயரோடு. கோடாங்கியின் உடுக்கைக்கு அடியிலிருந்து அறிவிப்புக் கடிதத்தையும் எடுத்து வந்து சேர்த்தோம். உறை இன்னும் பிரித்த மடிப்புக் கலையாமல், விபூதி வாசத்தோடு இருந்தது.

மனுவில் ஒரு சட்டத்தையும் ஒரு திட்டத்தையும் குறிப்பிட்டேன். அரசு ஓய்வூதியத்தை நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது என்கிறது 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், பதினோராம் பிரிவு. வங்கி முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம் என்றது 2021இல் வந்த ஒருங்கிணைந்த திட்டம். இந்த இரண்டாவது வரியைக் கண்டதும் கோப்பு நடக்கத் தொடங்கியது. ஐப்பசியில் கணக்குகள் பிரிந்தன. நிறுத்தி வைத்த பணம் விடுபட்டது. இடைப்பட்ட மாதங்களில் வாத்தியார் வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர் மிலிட்டரி. செட்டுக்காரர் தலை காட்டவே கூசினார். ‘அண்ணே, என் கடனுக்கு உன் சோறு நின்றதே’ என்று ஒருநாள் வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதார். வாத்தியார் அவரைத் திட்டவில்லை. ‘பாட்டன் பேரில் இதுவும் ஒரு பங்கு’ என்று மட்டும் சொன்னார்.

முழுக்க முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் வாத்தியார் பெயரில் அந்தப் பழைய நிலுவை நெடுநாள் நின்றது. பேத்தியின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போனபோதுதான் அது தெரிந்தது. அதற்குத் தனியாக ஒரு மனு. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அதைத் திருத்தக் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. கேட்டோம், திருத்தினார்கள், பேத்திக்கு ஒரு பருவம் தள்ளிப்போனது.

நான்கு பேருக்கும் சொல்லி வைத்தேன்: தலைப்பெழுத்தோடு நிற்க வேண்டாம், தகப்பன் பெயரை முழுதாக எழுதுங்கள். எல்லாக் கணக்கிலும் ஆதாரை ஏற்றிவிடுங்கள். முகவரியில் கதவு எண் விடாதீர்கள். வேறு பெயரில் அட்டை ஏதும் இருந்தால் பத்திரத்தில் ‘சின்னச்சாமி என்ற அழகர்சாமி’ என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். மிலிட்டரியின் குடும்ப அட்டை இன்னும் சின்னச்சாமிதான். அது எப்போது யார் காலைச் சுற்றுமோ.

பேத்தி கல்லூரியில் சேர்ந்த பிறகு, தை மாதம் வாத்தியார் வீட்டில் கடைசிப் பேரனுக்குக் காதுகுத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் மொய் எழுதுவது சாதாரணக் காரியம் அல்ல. ஒரு பெயர் மாறினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். பழைய மொய் நோட்டுகளில் ஊர், தெரு, தொழில், பட்டப்பெயர், இன்னார் மருமகன் என்பது வரை எழுதியிருப்பார்கள். இப்போது கணினியும் அச்சு இயந்திரமும் வந்துவிட்டன. மேசையில் ஒரு இளைஞன் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். செட்டுக்காரர் பணத்தை நீட்டி, அழகர்சாமி, வடக்குத் தெரு என்றார்.

அந்தப் பையன் வெளியூர்க்காரன். அவருடைய முகம் அவனுக்குத் தெரியாது. விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

‘எந்த அழகர்சாமிங்கய்யா?’

‘ரேடியோ செட்டு.’

அவன் அதையும் தட்டினான். ரசீது வெளியே வந்தது. செட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.